சுவர்ப்பாசியில் கிடைத்த நீர்க்கரடி புதிய சிற்றினமா என்பதை எவ்வாறு முடிவு செய்வது?

கேள்வி: குன்னூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். ஆனால் வகைப்பாட்டியல் என் துறை அன்று. எங்கள் கல்லூரியின் கருங்கல் மதிலில் மெத்தையாகப் படர்ந்திருக்கும் மாஸ் வகைப் பாசியை, மாணவர்களுக்கு நீர்க்கரடி (டார்டிகிரேட் எனப்படும், நுண்ணோக்கியில் பார்க்கத்தக்க எட்டுக்கால் சிற்றுயிர்) காட்டுவதற்காக ஊறவைத்துப் பார்த்தபோது இரண்டு வகையான உயிர்கள் தென்பட்டன. ஒன்று செங்கல் நிறத்தில், முதுகில் தகடுகளும் உடலின் இருபுறமும் நீண்ட இழைகளும் கொண்டது. மற்றொன்று நிறமற்றது, குடல் வெளியிலிருந்தே தெரிகிறது. இந்த இரண்டாவதன் அருகே கிடந்த முட்டையொன்றின் மேற்பரப்பு முழுவதும் கவிழ்த்து வைத்த கிண்ணங்களைப் போன்ற முனைப்புகள் இருந்தன.

கைப்பேசியால் கண்வில்லை வழியே எடுத்த படங்களை இணையத்தில் கிடைக்கும் படங்களோடு ஒப்பிட்டேன். எதனுடனும் முழுமையாகப் பொருந்தவில்லை. ஜப்பானில் ஒரு வாகன நிறுத்துமிடத்துப் பாசியிலேயே புதிய சிற்றினம் கிடைத்தது என்று 2018-இல் செய்தி வந்தது நினைவிருக்கிறது. அப்படியானால் எங்கள் மதிலிலும் கிடைக்கக் கூடாதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ஒரு நீர்க்கரடியைப் ‘புதியது’ என்று எந்த அடிப்படையில் அறிவிக்கிறார்கள்? மரபணு ஆய்வு இல்லாமல் அது இயலுமா? பெயர் சூட்டுவது யார், பதிவு செய்வது எங்கே? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையேன்.

மறுமொழி: கண்ணாடித்தட்டு

வணக்கம் அம்மா. தங்கள் மாணவர்களின் கேள்வி நியாயமானதே. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட நீர்க்கரடிச் சிற்றினங்கள் 1,400-க்குச் சற்று மேல்தான். ஆண்டுதோறும் புதியவை சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே குன்னூர் மதிலில் பெயரில்லாத ஒன்று இருப்பதற்கு வாய்ப்பு உண்டு. ஆனால் ‘இணையத்தில் உள்ள படத்தோடு பொருந்தவில்லை’ என்பது அதற்குச் சான்றாகாது. இணையத்தில் சுற்றிவரும் படங்களில் பெரும்பாலானவை மின்னணு நுண்ணோக்கியால் எடுத்து வண்ணம் ஏற்றப்பட்டவை. விரல்விட்டு எண்ணத்தக்க சில சிற்றினங்களையே அவை திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

முதலில் தாங்கள் பார்த்த இரண்டையும் பிரித்துக்கொள்வோம். முதுகில் தகடும் பக்க இழையும் கொண்ட செந்நிற உயிர் பெரும்பாலும் எக்கினிஸ்கஸ் பேரினத்தையோ அதன் நெருங்கிய உறவையோ சேர்ந்தது. இவற்றில் தகடுகளின் மேலுள்ள புள்ளி வேலைப்பாடும், எந்தெந்த இடத்தில் இழை அல்லது முள் உள்ளது என்பதும்தான் அடையாளங்கள். இழைகளின் எண்ணிக்கை ஒரே சிற்றினத்துக்குள்ளும் வயதுக்கேற்ப மாறக்கூடும் என்பதால், ஒற்றை விலங்கை வைத்து எதையும் சொல்ல இயலாது. இதன் முட்டையைத் தனியாகத் தேட வேண்டாம். தாய் உரித்துப் போட்ட தோலுக்குள்ளேயே அவை கிடக்கும்.

நிறமற்ற மற்றொன்றும் அந்தக் கிண்ண முட்டையும்தான் உங்கள் கேள்விக்குப் பொருத்தமானவை. அந்த முட்டை, மேக்ரோபயோட்டஸ் பேரினத்தின் ஹூஃபெலாண்டி குழுவைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஜப்பானில் கிடைத்ததாகத் தாங்கள் குறிப்பிட்டதும் இதே குழுதான். அதன் பெயர் மேக்ரோபயோட்டஸ் ஷொனைகஸ். கெய்யோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசுஹரு அரகாவா, சுருவோகா நகரில் தம் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்துக் கான்கிரீட்டில் வளர்ந்திருந்த பாசியைச் சேகரித்தார். அந்தக் கைப்பிடிப் பாசியிலிருந்து கிடைத்தவை 10 விலங்குகள் மட்டுமே. அவற்றைக் கொண்டு அவசரப்பட்டு எதையும் அறிவிக்காமல் ஆய்வகத்தில் வளர்த்தார். அவை இனப்பெருக்கம் செய்தன. பாசியில் கிடைக்கும் நீர்க்கரடிகளில் பெரும்பாலானவை வளர்ப்புக்கு இணங்குவதில்லை. இது இணங்கியது அவருடைய நல்லூழ். அதன் பயனாக, அளப்பதற்கும் மின்னணு நுண்ணோக்கியில் பார்ப்பதற்கும் மரபணு எடுப்பதற்கும் போதுமான விலங்குகளும், எல்லாவற்றுக்கும் மேலாக முட்டைகளும், கைக்கு வந்தன. போலந்தின் கிராக்கோவ் நகரில் யாகியெல்லோனியப் பல்கலைக்கழகத்தில் இருந்த டேனியல் ஸ்டெட்ஸ், வூகாஷ் மிஹால்சிக் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய விளக்கக் கட்டுரை 2018 பிப்ரவரி இறுதியில் வெளியானது. ஜப்பானிலிருந்து அறியப்பட்ட 168-ஆவது நீர்க்கரடிச் சிற்றினம் அது.

அதைப் புதியது என்று அறிவிக்கத் துணை நின்றது உடலைவிட முட்டைதான். இக்குழுவில் பல சிற்றினங்களின் உடலைப் பக்கத்தில் பக்கமாக வைத்தாலும் வேறுபாடு தெரியாது. எல்லாவற்றுக்கும் தொண்டைக்குள் பிளாக்காய்டு எனப்படும் கடினமான சிறு தண்டுகள், வரிசைக்கு இரண்டு பெரியவையும் ஒரு சிறியதுமாக இருக்கும். நகங்கள் இரட்டையாக, ஒய் எழுத்து வடிவில் இருக்கும். தோலில் நுண்துளைகள் இருக்கும். முட்டையை எடுத்துப் பார்த்தால்தான், கிண்ணத்தின் அடித்தட்டு விளிம்பு பல்வெட்டாக உள்ளதா, மழமழப்பாக உள்ளதா, கிண்ணங்களுக்கிடையே உள்ள ஓட்டில் வலைக்கண்கள் உள்ளனவா, இல்லையா என்பவை தெரியவரும். ஷொனைகஸ் முட்டையின் ஓட்டில் வலைக்கண்கள் இல்லை. ஒவ்வொரு முனைப்பின் நுனித்தட்டிலிருந்தும் வளையக்கூடிய மெல்லிய இழைகள் புறப்படுகின்றன. அத்தகைய இழையுள்ள முட்டைகள் ஆப்பிரிக்காவிலிருந்து விவரிக்கப்பட்ட பவுலினே, தென் அமெரிக்காவிலிருந்து விவரிக்கப்பட்ட பாலிபிஃபார்மிஸ் ஆகிய சிற்றினங்களிலும் உண்டு. ஆகவே இழை இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், அவ்விரண்டிலிருந்தும் இது எப்படி வேறு என்பதையும் காட்ட வேண்டியிருந்தது.

எனவே தங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது: விலங்கைவிட முட்டையைத் தேடுங்கள். ஊறவைத்த பாசியைப் பிழிந்த நீரின் அடிவண்டலில் அவை கிடக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவு. கருப்புப் பின்புலத்தில் பக்கவாட்டு ஒளி விழுமாறு வைத்தால் வெண்புள்ளிகளாகப் பளிச்சிடும். சில முட்டைகளை வளர்ச்சி முற்றும் வரை நீரில் விட்டுவையுங்கள். உள்ளே இருக்கும் குட்டியின் வாய்க்குழலும் நகமும் ஓட்டின் வழியே தெரியத் தொடங்கும்போது, அந்த முட்டை எந்த விலங்கினுடையது என்பதை ஐயமின்றி உறுதிப்படுத்தலாம். ஒரே பாசியில் மூன்று நான்கு சிற்றினங்கள் சேர்ந்து வாழ்வது சாதாரணம் என்பதால், அருகில் கிடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு முட்டையை ஒரு விலங்கோடு இணைத்துவிடக் கூடாது.

மறுமொழி: பழைய ஏடு

மேலே நண்பர் முட்டையைப் பற்றி அழகாக எழுதிவிட்டார். நான் அளவிடுதலையும், இத்துறையின் பெருஞ்சிக்கலான பழைய பெயர்களையும் பற்றிச் சொல்கிறேன்.

நீர்க்கரடியின் உடல் நீளத்தை வைத்து ஒப்பிடுவது நம்பத்தக்கதன்று. சிலைடின் மேல் கண்ணாடியை வைத்ததும் உடல் நசுங்கி நீளும். பட்டினி கிடந்தால் சுருங்கும். ஆனால் வாய்க்குழல் கடினமான உறுப்பு; நசுக்கினாலும் மாறாது. அதனால்தான் இத்தாலிய அறிஞர் ஜொவான்னி பிலாட்டோ 1981-இல், ஒவ்வோர் உறுப்பின் நீளத்தையும் வாய்க்குழல் நீளத்தின் விழுக்காடாகக் குறிக்கும் முறையை முன்வைத்தார். பி.டி. என்று அழைக்கப்படும் அந்த எண்தான் இன்றும் ஒவ்வொரு விளக்கத்திலும் அட்டவணையாக இடம்பெறுகிறது. உணவைத் துளைக்கும் குத்தூசிகளைத் தாங்கும் தண்டு வாய்க்குழலில் எந்த இடத்தில் பொருந்துகிறது, நகம் ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்பவற்றை இப்படி அளப்பார்கள். 30 விலங்குகளையும் 30 முட்டைகளையும் அளப்பது இப்போது பரவலான வழக்கம்.

அளப்பதற்கு முன் நிலையான சிலைடு வேண்டும். அரபுக் கோந்து, குளோரல் ஹைட்ரேட், கிளிசரால், நீர் ஆகியவை சேர்ந்த ஹாயர் கலவையில் விலங்கை வைத்து, காய்ந்தபின் ஓரத்தை அடைப்பார்கள். இக்கலவை உள்ளுறுப்புகளைத் தெளிவாக்கும். ஆனால் கண்புள்ளிகளையும் உடல் நிறத்தையும் அழித்துவிடும். ஆகவே கண் உண்டா, நிறம் என்ன என்பதை உயிரோடு இருக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பொறியும் உண்டு. தோலுரிக்கும் பருவத்தில் நீர்க்கரடி தன் வாய்க்குழலையும் பிளாக்காய்டுகளையும் வெளியே தள்ளிவிட்டுப் புதிதாக உருவாக்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் அதைப் பார்ப்பவருக்கு, வாயே இல்லாத விந்தையான ஒரு புதிய உயிர் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். முன்னாளில் இது ஒரு தனிப் பேரினம் என்றே கருதப்பட்டது. நீங்கள் எடுத்த படங்களில் தொண்டைப்பகுதி வெறுமையாக இருந்தால் அந்த விலங்கை ஒதுக்கிவிடுங்கள்.

இனி பழைய பெயர்கள். புதியது என்று சொல்ல வேண்டுமானால், ஏற்கெனவே உள்ளவை எவை என்று தெரிந்திருக்க வேண்டும். நீர்க்கரடிகளில் அதுவே கடினம். மேக்ரோபயோட்டஸ் ஹூஃபெலாண்டியை ஷூல்ட்சே 1834-இல் பெயரிட்டார். அக்கால விளக்கம் மிகச் சுருக்கமானது. அதில் சொன்னவை இன்று பல சிற்றினங்களுக்குப் பொதுவானவை. எனவே ஒன்றரை நூற்றாண்டுக் காலம், உலகின் எந்த மூலையிலிருந்து கிண்ண முட்டை கிடைத்தாலும் அதை ஹூஃபெலாண்டி என்றே எழுதி வைத்தார்கள். 1993-இல் பெர்த்தொலானியும் ரெபெக்கியும் ஹூஃபெலாண்டி எனப்படுவது எது என்று மறுவிளக்கம் எழுதி வரையறுத்த பிறகே, மற்றவை அதிலிருந்து பிரிந்து வரத் தொடங்கின. 1840-இல் டொய்யேர் பெயரிட்ட மில்னீசியம் டார்டிகிராடமும் இப்படித்தான். உலகெங்கும் வாழும் ஒரே சிற்றினம் என்று பாடநூல்கள் எழுதின. 2012-இல் ஜெர்மனி விலங்குகளைக் கொண்டு மறுவிளக்கம் வெளியானபின், வேறு கண்டங்களில் அதே பெயரில் பதிவானவை பல வேறு சிற்றினங்கள் என்று தெரிந்தது. என்னைக் கேட்டால், இத்துறைக்குப் பெருந்தொண்டு செய்தவர்கள் புதிய பெயர் சூட்டியவர்களைக் காட்டிலும் இந்த மறுவிளக்கங்களை எழுதியவர்களே. ஆனால் அவர்கள் பெயர் செய்தித்தாளில் வருவதில்லை.

இதன் உச்சம் ஆய்வகத்திலேயே நடந்தது. உலகின் பல ஆய்வகங்களில் வளர்க்கப்பட்டு, மரபணுத்தொகுதியும் வாசிக்கப்பட்ட நீர்க்கரடி ஒன்று, ஹிப்சிபியஸ் டுஜார்டினி என்றே அனைவராலும் அழைக்கப்பட்டு வந்தது. இங்கிலாந்தின் போல்ட்டன் பகுதிக் குளமொன்றில் 1987-இல் சேகரிக்கப்பட்ட விலங்குகளின் வழிவந்த வளர்ப்பு அது. 2018-இல் பிரான்சிலிருந்து உண்மையான டுஜார்டினியைச் சேகரித்து ஒப்பிட்டபோது, ஆய்வக விலங்கு அதுவன்று என்று தெரியவந்தது. அதற்கு ஹிப்சிபியஸ் எக்செம்ப்ளாரிஸ் என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. மரபணு முழுவதையும் வாசித்த விலங்குக்கே சரியான பெயர் அதற்குப் பிறகுதான் கிடைத்தது.

மறுமொழி: கடற்கரை மணல்

ஐயா சொன்னவை நிலத்து நீர்க்கரடிகளுக்குப் பொருந்தும். கடலில் வாழ்பவை மொத்தச் சிற்றினங்களில் ஏறத்தாழ 17 விழுக்காடு. அவற்றில் கதை வேறு. தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே இரண்டு சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன என்பது ஆசிரியையின் மாணவர்களுக்கு ஊக்கம் தரக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் விஷ்ணுதத்தன், பிஜோய் நந்தன் ஆகியோரின் குழு, முதலில் வடகேரளத்தின் வடகரைக் கடற்கரையிலிருந்து ஸ்டைகார்க்டஸ் கேரளென்சிஸ் என்ற சிற்றினத்தை 2021-இல் விவரித்தது. அடுத்து இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கடற்கரை மணலிலிருந்து பாட்டிலிப்பெஸ் கலாமி 2023-இல் வந்தது; பக்கத்து இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமின் பெயரால் அமைந்தது. மூன்றாவதான பாட்டிலிப்பெஸ் சந்திரயானியும் மண்டபத்திலிருந்தே கிடைத்து, 2025-இல் வெளியானது. கலாமியின் சராசரி நீளம் 0.17 மில்லிமீட்டர், சந்திரயானி 0.15 மில்லிமீட்டர்.

பாட்டிலிப்பெஸ் பேரினத்தில் நகங்களே கிடையாது. ஒவ்வொரு காலிலும் ஆறு விரல்கள். விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் வட்டத்தட்டு. அலை புரட்டும் மணற்பரலை விடாமல் பற்றிக்கொள்ள அது உதவுகிறது. ஆகவே அங்கே முட்டைக்கோ நகத்துக்கோ வேலையில்லை. விரல்களின் நீள வரிசை, தலையின் வடிவம், உணர்முட்கள், உடலின் பின்முனையில் உள்ள வால் போன்ற உறுப்பு ஆகியவற்றைத்தான் ஒப்பிடுவார்கள். சந்திரயானியின் தலை சரிவகமாக இருப்பதும், கால்களின் உணர்முட்கள் கூர்நுனி கொண்டிருப்பதும் அதன் அடையாளங்களாகக் குறிக்கப்பட்டன. மணலிலிருந்து பிரித்தெடுப்பதும் எளிது: கடல்மணலைச் சற்று நேரம் நன்னீரில் கலக்கினால், உப்பு மாறிய அதிர்ச்சியில் விலங்குகள் பிடியை விட்டுவிடும், மேல்நீரை நுண்சல்லடையில் ஊற்றினால் போதும்.

கேள்வியாளரின் தொடர்ச்சி: குன்னூர் ஆசிரியை

மூவருக்கும் நன்றி. தொண்டைப்பகுதி வெறுமையாக இருந்த ஒரு விலங்கும் என் படங்களில் இருக்கிறது, அதை நீக்கிவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. மரபணுவை மட்டும் படித்து, குறிப்பிட்ட ஏதேனும் ஒரு விழுக்காட்டு அளவு வேறுபாட்டை எல்லையாக வைத்துப் புதியது என்று சொல்லிவிட இயலாதா? அடுத்து, சிலைடுகளை ஐரோப்பிய வல்லுநர் ஒருவருக்கு அஞ்சலில் அனுப்பிக் கருத்துக் கேட்கலாமா?

மறுமொழி: கண்ணாடித்தட்டு

முதல் ஐயத்துக்கு: ஷொனைகஸில் நான்கு மரபணுப் பகுதிகள் வாசிக்கப்பட்டன. 18எஸ், 28எஸ் ஆகிய இரண்டும் மெதுவாக மாறுபவை. எந்தக் குடும்பம், எந்தக் கிளை என்பதைச் சொல்லும். ஐ.டி.எஸ்.-2, சி.ஓ.ஐ. ஆகியவை விரைவாக மாறுபவை. நெருங்கிய உறவினர்களைப் பிரித்துக் காட்டும். ஆனால் ஒப்பிடுவதற்கு மறுபக்கத்திலும் வரிசை இருக்க வேண்டுமல்லவா? பெயரிடப்பட்ட நீர்க்கரடிகளில் பலவற்றுக்கு மரபணு வரிசையே இல்லை. நூறாண்டுப் பழைய சிலைடுதான் இருக்கிறது, சிலவற்றுக்கு அதுவும் இல்லை. அந்நிலையில் தங்கள் வரிசை தரவுத்தளத்தில் எதனோடும் பொருந்தாததற்கு, அது புதியது என்பதும் காரணமாகலாம், பழைய ஒன்றை எவரும் இன்னும் வாசிக்கவில்லை என்பதும் காரணமாகலாம். ஆகவே நிலையான விழுக்காட்டு எல்லை எதையும் நம்பாமல், உருவமும் மரபணுவும் ஒரே திசையில் சுட்டுகின்றனவா என்றே பார்க்க வேண்டும். உடலை அழிக்காமல் டி.என்.ஏ. எடுத்து, எஞ்சிய தோலைச் சிலைடில் ஏற்றும் முறையும் உண்டு. அப்படிச் செய்தால் எந்த விலங்கின் வரிசை எது என்பதில் பின்னர் வாக்குவாதம் எழாது.

பெயரிடாமல் விடுவதும் தவறன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்துப் பாசியில் கிடைத்த பாராமேக்ரோபயோட்டஸ் ஒன்று, புறஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்து தன்னைக் காத்துக்கொள்கிறது என்று 2020-இல் கட்டுரை வந்தது. அதில் விலங்கை ‘பி.எல்.ஆர். வகை’ என்று மட்டுமே குறித்தார்கள். பேரினம் வரை உறுதி, அதற்குமேல் போதிய ஒப்பீடு இல்லை என்றால் அவ்வளவோடு நிறுத்திக்கொள்வது நேர்மையான வழி.

மறுமொழி: பழைய ஏடு

இரண்டாவது ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். சற்றுக் கவனமாகப் படியுங்கள்.

விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு, யார் பெயர் வைக்கலாம் என்பதற்குத் தகுதி எதையும் நிர்ணயிக்கவில்லை. பட்டமோ பதவியோ தேவையில்லை. ஆனால் பெயர் செல்லுபடியாக வேண்டுமானால், அது முறையாக வெளியிடப்பட வேண்டும். வேறுபடுத்தும் பண்புகள் எழுதப்பட வேண்டும். பெயரைத் தாங்கும் ஒரு மாதிரி, அதாவது ஹோலோடைப், எது என்று சுட்டி, அது வைக்கப்படும் நிறுவனமும் குறிக்கப்பட வேண்டும். நீர்க்கரடியில் ஹோலோடைப் என்பது ஒரே ஒரு சிலைடில் உள்ள ஒரே ஒரு விலங்கு. மற்றவை பாராடைப்புகள், அவற்றை இரண்டு மூன்று நிறுவனங்களுக்குப் பகிர்ந்து வைப்பது நல்லது. ஓர் இடத்தில் ஹாயர் கலவை உலர்ந்து சிலைடு பாழானாலும் மற்றோர் இடத்தில் பிழைத்திருக்கும். மின்னிதழில் மட்டும் வெளியிடுவதாக இருந்தால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஸூபேங்க்கில் முன்னரே பதிய வேண்டும் என்பது 2012 முதல் உள்ள விதி. தாங்கள் மனத்தில் வைத்திருக்கும் பெயரை இந்த இழையிலோ வேறெங்குமோ முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள். விளக்கமில்லாமல் வெளியே உலவும் பெயர், பிற்பாடு பட்டியல் தொகுப்பவர்களுக்குத் தொல்லையாகிவிடும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில் சட்டம் குறுக்கிடுகிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, இந்தியாவில் கண்டறியப்படும் எந்தப் புதிய வகையையும் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு அத்தகைய காப்பகம் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் அளவைத் துறை. ஆய்வுக்காகப் பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கும் நெறிமுறைகள் உள்ளன; எனவே தன்விருப்பில் அஞ்சலில் போட்டுவிட வேண்டாம். படங்களையும் அளவுகளையும் அனுப்பிக் கருத்துக் கேட்பதற்குத் தடையில்லை. பெரும்பாலான வல்லுநர்கள் முட்டையின் தெளிவான நான்கைந்து படங்களைப் பார்த்தே குழுவைச் சொல்லிவிடுவார்கள். கல்லூரி மதில் உங்கள் நிறுவனத்துக்கு உரியது என்பதால் அங்கே எடுப்பதில் சிக்கல் இல்லை. மாணவர்கள் ஆர்வமிகுதியால் சோலைக்காட்டுக்குள் சென்று சேகரிக்க நினைத்தால், முதலில் வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும்.

ஒரு நடைமுறைச் செய்தி. கிடைத்த பாசி முழுவதையும் ஊறவைத்துவிடாதீர்கள். பாதியைக் காகித உறையில் உலரவைத்து, இடம், உயரம், நாள், எந்தக் கல், எந்தப் பக்கம் நிழல் என்பவற்றை உறைமேல் பென்சிலால் எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். அளவீட்டுக்கு விலங்கு போதாமல் போனாலும், மரபணுவுக்குப் புதிய மாதிரி தேவைப்பட்டாலும், பின்னொரு நாள் வேறொருவர் ஒப்பிட விரும்பினாலும், அந்த உறையிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.